சிப்பி கலந்த மணல்

என் மச்சாள் தர்சினி,

நீ போய் எட்டு மாதமாகிறது. ஆய்வுகூடத்து உலை இப்போது என் பொறுப்பில். உன் ஆய்வேட்டை நான் எழுதி முடித்தால் உன் பெயரிலேயே பட்டம் தரலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். உன் அம்மா, என் மாமி, அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருக்கிறார்.

கண்ணாடியைத் திரும்பச் சூடாக்கி உள்ளே பொடிப் படிகங்கள், பளிங்குகள், விளையவிட்டால் அது இலகுவில் உடையாது. டைட்டேனியம் ஒட்சைட்டுக் கொஞ்சம் சேர்த்தால், பாலுக்கு உறை போட்டதுபோல, அவை எங்கும் சீராக விளையும் என்று நீ கண்டாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வந்தவர்களுக்குக் கொடுத்த உன் நினைவு மலரில், அந்தக் கல்வெட்டுப் புத்தகத்தில், மாமி அதற்கென்றே ஒரு பக்கம் போடுவித்தார். எழுதிக் கொடுத்தவள் நான்.

டைட்டேனியம் சேர்க்காத கண்ணாடிக்கு நீயே மணலை, சிப்பித்தூள் கரைந்துபோக, அமிலத்தில் கழுவினாய்; அதில் பளிங்கு விளையவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். சேர்க்கிற கண்ணாடிக்கு மணல் கழுவுவது என் வேலையாயிற்று. அமிலம் முடிந்திருந்தது. வடமராட்சி கிழக்குக் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கிடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் வீட்டு அரிக்கன் சட்டியில், அரிசிக்குக் கல் அரிப்பதுபோல், இரண்டு தரம் அரித்து உலர்த்திக் கொண்டுவந்தேன்.

"அமிலத்தில போட்டனியோடி?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டாய்.

"ஓமடி, போட்டனான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? உனக்கு நாள் குறைவென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உனக்கும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருநாள் ஆய்வுகூடம் வந்து, அந்த மணலில் உருக்கிய கண்ணாடியை நுணுக்குக்காட்டியில் பார்த்ததும், "எடியேய், வந்திட்டுதடி! இஞ்சை பார், என்ன வடிவாய் விளைஞ்சிருக்கு!" என்று அழுதாய். நானும் அழுதேன்.

போன கிழமை எல்லாவற்றையும் உன் அளவுப்படி திரும்பச் செய்தேன். இம்முறை மணலை அமிலத்தில் கழுவினேன். டைட்டேனியம் சேர்த்தும் ஒரு பளிங்குகூட இல்லை. பிறகு வெறுமனே அரித்த மணலை, டைட்டேனியம் இல்லாமலே உருக்கினேன். பளிங்குகள் வந்தன. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் அப்படித்தான். வேலை செய்தது சிப்பியின் சுண்ணாம்பு.

நேற்று மானிப்பாய்க்கு, மாமியிடம் இதைச் சொல்லத்தான் போனேன். "பிள்ளை, அவளின்ரை பட்டத்தை ஆர் மேடையில ஏறி வாங்கிறது? நீயும் என்னோடை வாவன்" என்றார் மாமி. கல்வெட்டு கனடாவரைக்கும் போயிருக்கிறதாம். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

நீ இருந்தால் எனக்கு ஒரு அறை விட்டுவிட்டு மறுநாளே புது மணல் கழுவியிருப்பாய். இப்போது நான் யாரிடம் போய் அடி வாங்குவது?

பிழை என்னுடையது என்று என் பெயர் போட்டு எழுதுவேன். பட்டம் வருமோ தெரியாது. பேராசிரியருக்குச் சொல்ல முன் மாமியிடம் சொல்வேன். எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்வேன். நீ சந்தோஷமாகத்தான் கண்ணை மூடினாய் என்று மாமி ஒவ்வொரு நாளும் சொல்லி ஆறுகிறார். அந்தச் சந்தோஷமும் என் பொய்தான், தர்சினி.

உன்னை ஏமாற்றிய மச்சாள்,
வதனி