பதினான்காம் எண்ணுக்குப் பெயர் இல்லை

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து மழை. வீடு இருக்கிற தகனினியிலிருந்து வேலையிடமான மனுகாவ் போக ஐம்பது நிமிடம். மோட்டர்வேயில் எல்லாரும் ஒரே லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

செய்ய வேண்டியவை: அபிக்குக் கறுப்புச் சப்பாத்து லேஸ். துவரம் பருப்பு. வெள்ளி மதியத்துக்கு மேல் லீவு கேட்பது. அக்காவுக்குப் போன் (போன வாரமும் இதே வரி).

வேலையில் இன்று முப்பத்தொரு கை. இரண்டு கைகளில் நரம்பு அகப்படவே இல்லை. இரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு மனுஷன் தன் மனைவியிடம் சொன்னது: ஊசி நோகவில்லை, நீ பார்க்கிற பார்வைதான் நோகிறது.

மதியம் காருக்குள் சாப்பிடும்போது மின்னஞ்சல். மேற்குக் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வலைப்பதிவு எழுதுகிறவன், 'மேற்கு வாசல்' என்ற பெயர்க்காரன். நான் எங்கள் கல்லூரி அணிக்கு எழுதுகிறேன், 'தெற்கு மூலை'. இரண்டும் ஆங்கிலப் பெயர்கள், இங்கே தமிழாக்கியிருக்கிறேன். முகம் தெரியாது, சொந்தப் பெயர் தெரியாது. இரண்டு பருவமாக ஆங்கிலத்தில் சண்டை மட்டும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அரையிறுதி, அவர்களும் நாங்களும். சேர்ந்து ஒரு முன்னோட்டம் எழுதலாமா என்று கேட்கிறான். ஆளுக்கு ஐந்து கேள்வி. புதன் காலை இரண்டு பதிவிலும் வரும்.

சரி என்று போட்டேன். யோசிக்கவே இல்லை. அவர்களிடம் தொடர்ந்து மூன்று முறை தோற்றிருக்கிறோம். கடைசித் தோல்விக்கு அவன் வைத்த தலைப்பு: "தெற்கிலிருந்து வந்த பஸ் வெறும் பஸ்ஸாகத் திரும்பியது." அதற்குப் பதில் சொல்ல ஐந்து கேள்வி போதாது, பரவாயில்லை.

நான் அனுப்பியதில் முதலாவது: உங்கள் உயரமான பிள்ளைக்கு மூச்சு வாங்கினால் உங்களிடம் வேறு யார் இருக்கிறார்கள்? மற்ற நான்கும் இதே காரம்.

மாலையில் அவனுடையவை வந்தன. நான்கு வழக்கமானவை: கப்டன் மெலேயின் கணுக்கால் ஆறிவிட்டதா, அப்படி இப்படி. ஐந்தாவதை இங்கே தமிழில் எழுதிவைக்கிறேன்.

"எண் 14 யார்? உங்கள் பதிவு முழுவதையும் படித்தேன். 'நம் பிள்ளை ஒருத்தி ஓடிவந்தவளை நெஞ்சில் வாங்கி விழுந்தாள், பந்து நமக்கு வந்தது' என்று எழுதுகிறீர்கள். 'நம் பிள்ளை ஒருத்தி சுவர்போல வழியை மறித்தாள், மெலே எறிந்தாள்' என்று எழுதுகிறீர்கள். வீடியோவைப் பார்த்தால் அந்த ஒருத்தி ஒவ்வொரு முறையும் 14. எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தாள்?"

14 அபி. என் மகள்.

பருப்பு வாங்கவில்லை. லேஸும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

நான்கு கேள்விக்கும் பதில் எழுதியாயிற்று. ஐந்தாவதன் கீழே வெறுமை.

எனக்கே ஞாபகப்படுத்திக்கொள்ள: போன வருடம் பதிவைத் தொடங்கியபோது அணியின் மனேஜர், ஜோன் என்கிற பெண்மணி, சொன்னது. ஸ்கோர் மேசைக்குப் பின்னால் உட்கார ஒரு கதிரை, படம் எடுக்க அனுமதி, எல்லாம் தருவோம். ஆனால் உன் சொந்தப் பிள்ளையை எழுதக்கூடாது. மகளுக்கு இடம் பிடிக்க எழுதுகிறாள் என்று இரண்டு பெற்றோர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். எனக்கு ரோசம். ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று நானே வாக்குக் கொடுத்தேன். ஜோன் கேட்டதைவிட ஒரு முழம் கூடக் கொடுத்தேன். ஸ்கோர் பட்டியலில்கூட அவள் பெயரை விட்டேன்.

பயிற்சி முடிந்து அபியை ஏற்றினேன். கண்ணாடியெல்லாம் ஆவி. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்: "பிள்ளை, நான் எழுதுறதை நீ வாசிக்கிறனியோ?"

"இல்லை."

"ஒண்டும்?"

ஆங்கிலத்தில் சொன்னாள். போன வருடம் படித்தாளாம். பிறகு நிறுத்திவிட்டாளாம். இப்போது அந்த மேற்கு ஆளின் பதிவைத்தான் படிக்கிறாளாம். "அவருக்கு நான் அங்கே இருக்கிறது தெரியுது."

கோபமில்லாமல் சொன்னாள். பிறகு ஹீற்றரைக் கூட்டச் சொன்னாள். பதினாறு வயது. இந்த வருடம் ஒரு ஆட்டத்துக்கு ஆறேழு நிமிடம்தான் இறக்குகிறார்கள். மிச்ச நேரம் பெஞ்ச். அந்த ஆறேழு நிமிடத்தில் எவ்வளவு அடி வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். முதுகில் மருந்து பூசுவது நான்தானே.

வீட்டுக்கு வந்து சமைக்கும்போது போன். நேற்றைய மின்னஞ்சலில் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். காதில் வைத்துக்கொண்டே இவரிடம், "இஞ்ச, அந்த அடுப்பைக் கொஞ்சம் குறையுங்கோ" என்றேன்.

மறுமுனையில்:

"சிஸ்டர்... நீங்க தமிழா?"

மேற்கு வாசல்! பெயர் மைக்கல். ஈப்போவிலிருந்து வந்து இருபது வருடம். ஹென்டர்சனில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. "அப்ப ரெண்டு வருசமா நாம இங்கிலீசுலயா திட்டிக்கிட்டு இருந்தோம்? வீணாப் போச்சு லா!"

"ஓம். தமிழிலை எண்டா நான் இன்னும் வடிவாத் திட்டியிருப்பன்."

சிரித்தார். (நேற்றுவரை அவன். இன்று அவர். என்ன செய்ய.) அவருடைய மகள் கல்லூரியை முடித்து மூன்று வருடம். "மக போயிட்டா, நான் போகல. அந்த ஜிம் வாசம் பழகிப்போச்சு." பிறகு, "அஞ்சாவது கேள்விக்கு மட்டும் பதில் வரல. தப்பாக் கேட்டுட்டேனா?"

"14 என்ர மகள்."

"ஓ. அதுக்கு ஏன் எழுதல?"

"பக்கச்சார்பு எண்டு சொல்லுவினம்."

"இப்ப பண்றதும் பக்கச்சார்புதான் சிஸ்டர். எதிர்ப்பக்கமா. எங்க கோச் அந்தப் பொண்ணச் சமாளிக்கன்னே தனியா ஒரு பயிற்சி வெச்சிருக்காரு, தெரியுமா? வேணும்னா கேள்விய எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம்" என்றேன். கொஞ்சம் பலமாகச் சொல்லிவிட்டேன் போல. இவர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில், பல்லைக் காட்டுகிற மாதிரி. சூடில்லை.

காலை ஏழு மணிக்கு முன்னோட்டம் போட்டாயிற்று. ஐந்தாவது பதில்:

"14 அபிராமி. என் மகள். அதனால்தான் எழுதவில்லை. அது பிழை, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் அணியில் மிக அதிகம் இடி வாங்கியவள் அவள். பந்து கையில் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அவள் பெயர் தெரியும். வெள்ளியன்று உங்கள் உயரமான பிள்ளைக்கும் தெரியவரும்."

கடைசி வரியை எழுதியது ஊசி பிடிக்கிற கை.

9.40: பெற்றோரின் போன் குழுவில் யாரோ ஒரு கட்டைவிரல்.
10.15: யாரோ, "ஓகோ, கடைசியில்."
10.20: இன்னொருவர், அரையிறுதிக்கு இரண்டு நாள் இருக்கும்போதா?
பிறகு நான் பார்க்கவில்லை. வரிசையில் பதினேழு பேர்.

மதியம் ஜோன் போன். குரல் இனிப்பு. அந்த ஒரு பதிலை மட்டும் எடுத்துவிடு, வாசுகி, நமக்குள் ஒரு பேச்சு இருந்ததே. நான் சொன்னேன், இருந்தது, அதை நான் உடைத்துவிட்டேன், உடைத்தது எனக்குத் தெரியும். எடுக்கமாட்டாயா? மாட்டேன். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை ஸ்கோர் மேசைக் கதிரை இல்லை. சரி. படமும் எடுக்க முடியாது. சரி. நீ கொஞ்சம் யோசி. ஒன்றரை வருடம் யோசித்தேன், ஜோன்.

வைத்த பிறகு காருக்குள் பத்து நிமிடம். அழவில்லை. கொஞ்சம்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: "நீர் அதை எடுத்துவிடுமன். ஏன் சும்மா சனத்தோட பகை? பிள்ளையைத்தான் பிறகு ஓரங்கட்டுவினம்."

"எடுக்கமாட்டன்."

"நான் பிள்ளைக்காகச் சொல்லுறன்."

"நானும் பிள்ளைக்காகத்தான் எழுதாமல் இருந்தனான். என்ன கிடைச்சது?"

அபி அறைக்குள். கதவு சாத்தியபடி. சாப்பாட்டை உள்ளேயே எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எங்கள் வாசலில்.

காலையில் காரில் அபி போனில் மேற்கின் பதிவைப் படித்துக்கொண்டே வந்தாள். கல்லூரி வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் கார்கள். ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"அந்த மன்னிப்பு வரியை எடுங்கோ அம்மா."

தமிழில். அபூர்வம்.

மற்றதை ஆங்கிலத்தில். மற்ற எல்லாம் இருக்கட்டுமாம். யார் என்ன சொன்னாலும் இருக்கட்டுமாம். ஆனால் மன்னிப்பு என்று ஊருக்கு முன்னால் போட்டால், பாவம் அந்தப் பிள்ளை என்று எல்லாரும் பார்க்கிறார்களாம். அவளைப் பார்த்து யாரும் பாவப்படக்கூடாதாம். மன்னிப்புக் கேட்பதென்றால் வீட்டில் கேளுங்கள்.

"இப்ப கேக்கட்டோ?"

"பின்னால கார் நிக்குது."

கேட்டேன். ஹோர்ன் சத்தத்தோடு. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வேலைக்குப் போனதும் முதல் காரியம், அந்த ஒரு வரியை அழித்தேன், மைக்கலிடமும் சொல்லி அழிக்கவைத்தேன். ஜோனுக்காக அழிக்காததை இவளுக்காக அழித்தேன். இந்த வாரம் நான் எடுத்தது அது ஒன்றுதான்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன், கடைசியில். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை எப்படி இப்பவே கல்லூரியில் என்று மறுபடியும் கேட்டாள். இங்கே உயர்பள்ளிக்கே அப்படித்தான் பெயர் அக்கா.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நாலு மணி. லீவு கிடைத்தது. ஆட்டம் ஆறுக்கு, ஹென்டர்சன் பக்கம், அவர்கள் ஜிம்மில். இவர் வேலையிலிருந்து நேரே வருகிறார். நான் இப்போதே கிளம்பினால்தான் சரி.

கமராவை வீட்டில் வைத்துவிட்டேன். நோட்டுப் புத்தகம் போதும். அதை யாரும் தடுக்க முடியாது.

ஆகஸ்ட் 16, சனி

தூறல். எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

தோற்றோம். இரண்டு புள்ளி.

நேற்று ஜிம்முக்குள் நுழைந்ததும் ஜோன் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஸ்கோர் மேசைக்குப் பின்னால் என் கதிரையில் யாருடைய ஜக்கெட்டோ. எங்கள் பெற்றோர் பக்கம் இடம் இருந்தது, ஆனால் நான் போனதும் பைகள் நகரவில்லை. சரி என்று எதிர்ப்பக்கம் ஏறினேன், மேற்குக்காரர் நடுவே. மேல் வரிசையில் ஒரு குட்டை மனுஷன், மொட்டைத் தலை, கையில் என்னுடையதைப் போலவே ஒரு நோட்டுப் புத்தகம். பார்த்ததும் தெரிந்தது.

"தெற்கு மூலையா?"

"ஓம்."

"உக்காருங்க சிஸ்டர். ஆனா இங்க கை தட்டினா அடிப்பாங்க."

தட்டினேன். யாரும் அடிக்கவில்லை.

இவரும் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அபியை இரண்டாம் பாதியில்தான் இறக்கினார்கள், ஒன்பது புள்ளி பின்னால் இருக்கும்போது. இறங்கிய முதல் நிமிடமே அவர்களுடைய உயரமான பிள்ளை ஓடிவர, இவள் கால் ஊன்றி நின்று நெஞ்சில் வாங்கினாள். விழுந்த சத்தம் மேல் வரிசைவரை. முன்கூட்டியே கால் ஊன்றி நிற்கிறவளை இடித்தால் தப்பு இடித்தவளுடையது, பந்து எங்களுக்கு. கோச் அதன்பிறகு அவளை வெளியே எடுக்கவே இல்லை. மெலேக்கு இரண்டு முறை வழி திறந்துவிட்டாள், இரண்டும் உள்ளே. எங்கள் பெற்றோர் பக்கத்திலிருந்து "அபி! அபி!" என்று கத்துகிறார்கள். பைகளை நகர்த்தாத அதே ஆட்கள். கத்தட்டும்.

கடைசி நிமிடம், சமநிலை. அதே உயரமான பிள்ளை அதே பக்கமாக வருகிறாள். அபி குறுக்கே போனாள். மோதல், இரண்டு பேரும் தரையில். விசில்.

மைக்கல் எழுந்தே விட்டார். "அது அட்டாக்கர் தப்பு லா! பொண்ணு நின்னுட்டா!" என்று கத்தி, பிறகு தான் எந்தப் பக்கம் என்று ஞாபகம் வந்து மெல்ல உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவர் காட்டியது 14. அபிக்கு ஐந்தாவது ஃபவுல், ஐந்தானால் வெளியே. அவர்களுக்கு இரண்டு இலவச எறிதல், இரண்டும் உள்ளே. எங்கள் கடைசி எறிதல் வளையத்தைச் சுற்றி வெளியே.

அபி பெஞ்சில் தலையைக் குனியவில்லை. நேரே பார்த்துக்கொண்டு, நாடியை உயர்த்தி, கடைசிவரை. போய் அந்த உயரமான பிள்ளைக்குக் கை கொடுத்தாள். அந்தப் பிள்ளை அவள் காதில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். "வலிச்சுதாம்" என்றாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை இந்த வருடம் நான் பார்க்கவில்லை.

இன்று காலை மைக்கலின் பதிவு: "நடுவரின் முடிவு மிகச் சரி." அடப்பாவி. போன் எடுத்தேன். "அது வேற சிஸ்டர், எழுத்து வேற" என்கிறார்.

பிறகு நானும் வீடியோ பார்த்தேன். எட்டு முறை. நிறுத்தி நிறுத்தி. அரை அடி. அபியின் வலது கால் அரை அடி பிந்தி வந்திருக்கிறது.

எழுதினேன். அவளுடைய முதல் மோதலை எழுதினேன், மெலேக்குத் திறந்த வழியை எழுதினேன், பிறகு: "கடைசி நிமிடத்தில் அபிராமி அரை அடி பிந்தினாள். ஃபவுல்தான்." பெயரோடு. போட்டுவிட்டேன்.

ஜோனிடமிருந்து செய்தி: படித்தேன். வேறொன்றும் இல்லை.

அபி படித்தாள். பக்கத்தில் வந்து நின்றே படித்தாள். என் பதிவை, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

"அது ஃபவுல் இல்லை."

"கால் பிந்தியிருக்கு பிள்ளை, பார்."

"கால் நிக்குது. இஞ்ச பாருங்கோ. இஞ்ச! நிக்குது!" திரையில் விரலை வைத்து அழுத்துகிறாள். "அந்த வரியை மாத்துங்கோ."

"மாத்தமாட்டன்."

"அப்ப நான் கீழ பதில் போடுவன். என்ர பேரிலை."

"போடு."

மடிக்கணினியைப் பறித்துக்கொண்டு போனாள். அவள் பதில் இப்போதுதான் வந்திருக்கிறது. கருத்துகளில் முதலாவது. முதல் வரி: "இதை எழுதியவர் என் அம்மா. அவர் சொல்வது பிழை."