குடையோடு நின்றவர்

ஓம் அம்மா, ஒருவழியாக அழுதுவிட்டேன். போனில் சொன்னால் நீங்களும் தொடங்கிவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

அப்பாவின் செத்தவீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. நான் கல்லாகிவிட்டேனோ என்ற பயத்தோடுதான் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவந்து படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை, வீட்டுக்கார மெற்றில்டா அக்காவோடு ரீவி நாடகம் பார்த்தேன். மழையில் ஒரு தகப்பன் பஸ் தரிப்பிடத்தில் குடையோடு நிற்கிறார். மகளோ வேறு பஸ்ஸில் வந்து, வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். என்னால் அடக்க முடியவில்லை.

"என்ன பிள்ளை, அந்தாள் சாகேல்லையே! நாளைக்கும் வருவார்," என்று அக்கா பதறினார். "முந்தநாள் இதே நாடகத்தில அந்தாளின்ர மனுசி செத்தநேரம் நீர் சிரிச்சுக்கொண்டு பணிஸ் சாப்பிட்டனீர்!"

அழுகையோடு சிரிப்பும் வந்தது. நெஞ்சு லேசாகிவிட்டது, அம்மா. இனிப் பயமில்லை.

மழை நாட்களில் என்னைக் கூட்டிப்போக அப்பா சந்திக்குக் கொண்டுவரும் குடையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கம்பி உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். கொஞ்சம் மிளகாய்த்தூளும்.

படகு வெளிக்கிடப்போகிறது. இதைக் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் சாருகா

பி.கு.: நேற்று அழுது முடிந்த பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, நாடகத்தில் அந்த மனிதர் வீடு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.