திரையில் தங்கிய மீசை

மே 12, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. குழாயில் தண்ணீர் வரவில்லை, துணி அப்படியே கிடக்கிறது. மா. போய் இன்றோடு ஆறு நாள். (மா. என்றால் மாமனார். முழுதாக எழுதக் கை கூசுகிறது.)

உள்ளூர் கேபிளில் அவருக்கான கண்ணீர் அஞ்சலி நேற்றோடு முடிந்தது. மூன்று நாளும் ஒரே அசையாத படம். நடுவில் முகம், கீழே பெயர், ஓரத்தில் எங்கள் எல்லோர் பெயரும். உதட்டுக்கு ஸ்டுடியோக்காரர் சிவப்பு வேறு அடித்திருந்தார். வீட்டுக்காரர் சேனலை மாற்றவே விடவில்லை. "அப்பா டிவில வாராக, அணைக்காத."

இன்றைக்குத்தான் மாற்றினேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மீசை! சமையல் நிகழ்ச்சியில் கொதிக்கிற குழம்புக்குள் மா.வின் மூக்கு. நிழல் போல, ஆனால் அவரேதான். எந்தச் சேனலுக்குப் போனாலும் கூடவே வருகிறார். மதியம் சாப்பிடவில்லை.

மே 13, புதன்

நாகல்நகரிலிருந்து டிவி மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர். செருப்பை வெளியே விட்டார்.

"இது பிளாஸ்மா டிவிம்மா. ஊரே எல்.இ.டி.க்கு மாறிருச்சு, நீங்க இன்னும் இத வச்சிருக்கீக. ஆடாம நிக்கிற படத்த இம்புட்டு நேரம் போட்டா இப்படித்தான் தங்கிரும். பயப்படாதீக, டிவி கெடல. வெறும் வெள்ளப் படம் ஒண்ணு பெண்டிரைவ்ல தாரேன், பகல் பூராம் ஓடவிடுங்க, கரைஞ்சிரும். அந்தப் போட்டோவ மட்டும் மறுபடி போட்றாதீக. போட்டா நிரந்தரமாப் பதிஞ்சிரும்."

வீட்டுக்காரர் கேட்ட கேள்வி: "எத்தன நாள் போட்டா நிரந்தரமாகும்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர் போனதும் வீட்டுக்காரர் உத்தரவு. கருமாதி வரை டிவியை யாரும் தொடக்கூடாது. கேபிள்காரரிடம் அந்தப் படத்தை வாங்கி வந்து மறுபடி ஓட்டப் போகிறாராம். "அப்பா இங்கனயே இருக்கட்டும்." பெற்ற அப்பாவைச் சுவரில் மாட்டினால் போதாதா? மாட்டியும் இருக்கிறதே.

மதியம் ரெட்டியார்சத்திரத்திலிருந்து நாத்தனார். திரையைப் பார்த்ததும் ஒரே அலறல். "அப்பா போக மனசில்லாம நிக்கிறாகளே!" டிவிக்குச் சம்பங்கி மாலை. கண்ணாடியில் விபூதிப் பட்டை. அடியில் சூடம் ஏற்றி, பிளாஸ்டிக் கருகிய நாற்றம். தெருவே வந்து கும்பிட்டுப் போனது. ஒருத்தி குழந்தைக்குத் திருநீறு கேட்டாள். சீ.

அத்தை (மாமியார்) மட்டும் கும்பிட வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்த ஹாலில் பத்தொன்பது வருடம் நான் செய்யாதவை:
- நாற்காலியில் உட்காருவது. மாமனார் எதிரில் மருமகள் உட்காரக்கூடாதாம்.
- டிவி. பார்த்ததெல்லாம் அடுப்படி வாசலில் நின்றபடி, அவர் கூப்பிடும்வரை.
- சிரிப்பது.

செய்தது: அவருடைய வெற்றிலை எச்சில் கிண்ணம் கழுவியது. தினம் இரண்டு வேளை.

வந்த புதிதில் ஒருநாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். கிண்ணத்தைத் தூக்கி என்மேல் எறிந்தார். அம்மா எடுத்துக்கொடுத்த சின்னாளபட்டிச் சேலை. கறை போகவில்லை, அடுப்பில் போட்டேன். வீட்டுக்காரர் அப்போது பக்கத்திலேயே இருந்தார். சேனல் மாற்றிக்கொண்டிருந்தார்.

மா. செத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி உட்காரலாம் என்றுதான் தோன்றியது. ஆயுசு முழுக்க இந்த மூஞ்சி முன்னால் நிற்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

மே 14, வியாழன்

மேகம் மட்டும். மழை இல்லை. வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் கருமாதிப் பத்திரிகை கொடுக்கப் போயிருக்கிறார். திரும்பும்போது படத்தோடு வருவார். அதற்குள் முடிக்க வேண்டும்.

8 மணி: மாலையைக் கழற்றினேன். விபூதியை ஈரத்துணியால் துடைத்தேன். பெண்டிரைவ் சொருகினேன். ஹால் முழுக்க வெள்ளை.

10: மீசை மங்கல். கீழே பெயர் போய்விட்டது. ஓரத்தில் எங்கள் பெயர்களும்.

11: கரண்ட் போச்சு. சனியன். இன்றைக்கென்று பார்த்து.

12.30: வந்தது. மறுபடி வெள்ளை. முதல்முறையாக அந்தப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தேன். குஷன் பூராவும் வெற்றிலை நாற்றம். பழைய துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

1.15: நாத்தனார் போன். "மதினி, அப்பா நல்லாத் தெரியுறாகளா?"
"தெரியுறாக" என்றேன். பொய்தான்.

2: மூக்கும் போச்சு. கண் இரண்டு மட்டும். என்னையே முறைக்கிற மாதிரி. த்தூ.

2.40: அத்தை எழுந்து வந்துவிட்டார். எழுந்திருக்கப் போனேன். பிறகு எழவில்லை. வெள்ளைத் திரை, தரையில் மாலை, நாற்காலியில் நான். மூன்றையும் பார்த்தார். மகனுக்குப் போன் போடப் போகிறார், தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"போயிருச்சா?"

"கண்ணு மட்டும் நிக்குது அத்தை."

ஓரத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தார். காலைக்கூட நீட்டிக்கொண்டார்.

"அவன் வர இன்னும் நேரங் கெடக்குல்ல? ஓடட்டும்."