எங்கள் கதவின் மூன்றாவது சாவி

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா, அங்கே குளிர் குறைந்ததா? இங்கே நாங்கள் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பாதிப் பொய்யோடு ஆரம்பிக்க மனசு வரவில்லை. அப்பா உடம்பு மோசமில்லை, பயப்படாதே. போனில் சொல்ல முடியாத ஒரு விஷயம், அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார், காது மட்டும் அவருக்குப் பழுதில்லை. அதனால்தான் கடையில் மதிய இடைவேளையில், கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணச் சொல்வதால் அப்பா அவளை டீச்சர் என்று கூப்பிடுவார், பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் திருத்தமாக வந்த முதல் வார்த்தையே அதுதான். நான் கடைக்குப் போய்விடுவேன், அப்பாவால் எழுந்து கதவு திறக்க முடியாது, அதனால் அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் அவள் வர மாட்டாள், அன்றைக்கு அப்பாவை அவரோடு பஸ் ஓட்டிய சிநேகிதர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார், மதியம் வரை வீட்டில் ஆள் இருக்காது. இரண்டு மாதமாகவே அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் ஏதோ ஒன்று சரியில்லாமல் இருந்தது. குளியலறைத் தரையில் செருப்புக் கால் தடம், பூட்டிய ஜன்னல் திறந்திருக்கும், பீரோ கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கும், ஒருநாள் உன் கடிதக் கட்டு இடம் மாறியிருந்தது. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை, கடைக்குக் கிளம்பாமல் காத்திருந்து அவளிடமே கேட்டுவிட்டேன். நாங்க இல்லாதப்ப வந்தியா என்றேன். இல்லக்கா என்றாள். உன்கிட்ட மட்டும்தானே இன்னொரு சாவி இருக்கு என்று என் வாயால் சொன்னேன் சிட்டு. அப்பா அன்றைக்குப் பன்னிரண்டு வரை எண்ணியிருந்தார், அவள் மீதி எட்டையும் எண்ணி முடிக்க வைத்து, அவர் காலைத் துடைத்துப் போர்வையை இழுத்து விட்டு, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாள் முழுக்க ஊரார் பார்வைக்கு லென்ஸ் பொருத்துகிற எனக்குக் கண்ணெதிரே இருந்த மனுஷி தெரியவில்லை.

அதற்கப்புறம் மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நானும் லீவு போட்டு அப்பாவுக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. அவள்தான் மனசு மாறி வந்துவிட்டாள் என்று முதலில் நினைத்தேன், சாவிதான் என்னிடம் இருக்கிறதே என்பது அப்புறம்தான் உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரரின் புரோக்கர் நிற்கிறான், பின்னால் அளவு டேப்போடு ஒரு புருஷனும் பெண்டாட்டியும். அப்பா மேலே ஒரு துணி இல்லை. நான் குறுக்கே நின்று கையை விரித்து மறைத்தேன், அவர் நல்ல கையால் துண்டைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. அந்த ஆள் பின்வாங்கவாவது வேண்டாமா? வீட்ட விக்கப் போறோம்மா, பார்க்க வந்திருக்காங்க, நீங்க உங்க வேலையப் பாருங்க, ரெண்டே நிமிஷம் என்கிறான். அதோடு விட்டானா, வழக்கமா இந்நேரம் யாரும் இருக்க மாட்டீங்களே என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வந்த பெண்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மன்னிச்சிருங்க, ஆள் இருப்பாங்கன்னு எங்ககிட்ட சொல்லல என்று புருஷனை வெளியே இழுத்துப் போனாள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், என் வீடு, என் சாவி, நான் யாரை வேணா அனுப்புவேன் என்கிறார். மாடி வீட்டில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர் இருக்கிறார், ஒப்பந்தத்தை எடுத்துப் போய்க் காட்டினேன். ஐந்து வருஷம் முன்னால் படிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டு ஒன்பதாவது பத்தியைக் காட்டினார். தீயோ தண்ணீர் உடைப்போ மாதிரி அவசரம் தவிர, ஒருநாள் முன்னால் சொல்லி எங்கள் சம்மதத்தோடுதான் உள்ளே வரலாம் என்று எழுதியே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை, அப்புறம் வாடகைப் புகார் வாங்குகிற அலுவலகத்துக்கு இரண்டு தடவை நடந்தேன். போன வாரம் வீட்டுக்காரரே வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, சொல்லாமல் யாரும் வர மாட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே ஆறு மாசத்துல ஒப்பந்தம் முடியுது, வேற இடம் பாத்துக்கோங்க என்றும் சொல்லிவிட்டார். பார்த்துக்கொள்ளலாம், தெருவிலா நிற்கப் போகிறோம்.

ஆனால் அப்பாதான் சிட்டு. இப்போது படியில் யார் ஏறினாலும் சட்டை, சட்டை என்கிறார். புழுக்கத்திலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு படுக்கிறார். உடம்பு துடைக்க வேண்டுமென்றால் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் பஸ் நிறைய ஜனங்களை ஓட்டிப் போன மனுஷர்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். நீங்க கேட்டது தப்பில்லக்கா, நான் இல்லைன்னு சொன்னேன் பாருங்க, அது உங்க காதுல விழவே இல்ல, அதான் என்றாள். அடுத்த வாரத்திலிருந்து வருகிறாள், ஆனால் நான் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலம்தான். நடுவில் மூன்று வாரம் விட்டதில் அப்பா மறுபடி பன்னிரண்டிலேயே தடுமாறுகிறார். அவள் சாவியை நீட்டினேன், வேண்டாம்க்கா என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கதவு அகலத் திறந்து கிடந்தாலும் பெல் அடித்துவிட்டு வெளியிலேயே நிற்கிறாள். நான் போய் உள்ளே வா என்று சொன்னால்தான் செருப்பைக் கழற்றுகிறாள்.

நீங்களும் வாடகை வீட்டில்தான் இருக்கிறீர்கள். உங்கள் கதவுக்கு எத்தனை சாவி, யார் யாரிடம் என்று நாளைக்கே கேள், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல். இதற்காக லீவு போட்டு ஓடி வராதே. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் நம்பிக்கொண்டு நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது இது எதுவும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, எத்தனை வரை எண்ணினீங்கப்பா என்று மட்டும் கேள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா