முதல் பக்கத்தில் உன் பேர்

திருப்பூர்
6.1.2025

அன்புள்ள ஜஹானாராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ போனை எடுக்கறதே இல்லை, அதனால எழுதறேன். நாவல் அச்சாகி வந்துருச்சு. முதல் பக்கத்துல ‘ஜஹானாராவுக்கு’ன்னு போட்டிருக்கேன்.

எழுதறது ஒரு பாடுன்னா விக்கறது ஒம்பது பாடு. பனியன் கம்பெனியில நீட்டினா சாம்பிள் பீஸாட்டம் சும்மா வாங்கிக்கறாங்க. பேக்கரியில ஒருத்தன், “கட்டிங் மாஸ்டர், சீட்டுப் பிடிக்கறீங்களா?”ங்கறான். நம்ம மக ரைசாவை ஸ்டேட்டஸ்ல வைக்கச் சொல்லு.

அச்சாபீஸ்ல புதுசாப் பழக்கமான பிரபாகர் வாத்தியார் ஞாயித்துக்கிழமை வெளியீட்டுக் கூட்டம் வைக்கறார். நீ வந்து முன்னால உக்காரணும். ஊடு வெறிச்சுனு கெடக்குது.

உன்,
சேக் தாவூது

மடத்துக்குளம்
9.1.2025

ஏனுங்க,

வ அலைக்கும் ஸலாம். அண்ணன் ஊட்டுல நானும் ரைசாவும் சுகம். கூட்டத்துக்கு வரலீங்க.

நீங்க எழுதின வருசமெல்லாம் அடுப்படியில இருந்துட்டு “ஏனுங்க, சாப்பிடறீங்களா?”ன்னு கேப்பேன். அதுக்கும் பதில் வராது. செவுத்துக்கிட்டப் பேசிப் பேசி அலுத்துத்தான் இங்க வந்தேன். பேரைப் போட்டது சந்தோசம். ஒருக்கா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமுங்க.

மேடையில தொண்டை கட்டிக்கும். மிளகுப்பால் குடிங்க.

ஜஹானாரா

திருப்பூர்
13.1.2025

ஜஹானாரா,

கொண்டுபோன புஸ்தகம் அத்தனையும் போச்சு! முதல்ல எவனும் சீந்தலை. வாத்தியார் உன் பேர் போட்ட பக்கத்தைப் படிச்சாரு பாரு, சனம் உச்சுக் கொட்டிச்சு. பொம்பளைங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு வாங்கினாங்க. எல்லாம் உன் பேரோட பரக்கத்து. அடுத்து உடுமலையில கூப்பிட்டிருக்காங்க. இப்பவாச்சும் வருவியா?

தாவூது

மடத்துக்குளம்
20.1.2025

ஏனுங்க,

கூட்டத்து வீடியோவை ரைசா காட்டினா. “மர்ஹூமா ஜஹானாரா, மாஸ்டரின் மறைந்த மனைவி”ன்னு வாத்தியார் சொல்றார். நீங்க ஒண்டியா இருக்கறதைப் பார்த்து அவரா நினைச்சிருப்பார். அவரை விடுங்க. பக்கத்துல நின்ன நீங்க தலையைக் குனிஞ்சுட்டீங்களே! புஸ்தகம் விக்க என் மௌத்துதான் கெடைச்சுதா?

நேத்து அண்ணன் ஊட்டுக்கு ரெண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்தாங்க. கதவைத் திறந்ததே நானுதான். திருதிருன்னு முழிச்சாங்க. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அப்புறம் உக்காந்து அழுதேன்.

மௌத்தானவ கடுதாசி எழுத மாட்டாளுங்க. இதோட நிறுத்திக்கறேன்.

உசுரோட இருக்கும்
ஜஹானாரா

திருப்பூர்
3.2.2025

ஜஹானாரா,

உடுமலையிலயும் “மர்ஹூமா”ன்னுதான் ஆரம்பிச்சாங்க. மைக்கை வாங்கி, “என் சம்சாரம் ஹயாத்தோட இருக்கா. என்னோடதான் இல்லை”ன்னு சொன்னேன். சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச்சு. பின்னால யாரோ சிரிச்சாங்க. ஒரு புஸ்தகம் போகலை. கட்டைப் பிரிக்காமயே தூக்கிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டுல மடத்துக்குளம் வண்டி நின்னுது. ஏற மூஞ்சி இல்லை.

இப்பல்லாம் ஊட்டுக்குள்ள வந்ததும் “ஜஹானாரா”ன்னு சத்தமாக் கூப்பிடறேன். பதில் வராட்டி எப்படி இருக்கும்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது.

நீ சாப்பிட்டியா?

தாவூது