கத்தரி உன்னோடு இருக்கிறார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனிடம் சொன்னால் அது தன் இஷ்டத்துக்கு எழுதுகிறது, அதனால் பேனாவை எடுத்தேன்.

நேற்று “கர்த்தர் உன்னோடு இருக்கிறார்” என்றுதான் சொன்னேன். தையல் கடையில் நாள் முழுக்கக் கத்தரியைத் தேடி நான் கத்துவதைக் கேட்டுப் பழகிய போன், கர்த்தரைக் கத்தரி ஆக்கிவிட்டது. கண்ணாடி போடாமல் அனுப்பியும் விட்டேன். பக்கத்து மெஷின்காரர் பார்த்துவிட்டு, “என்ன மாஸ்டர், பொண்ணை வெட்டப்போறீங்களா?” என்றார்.

நாலு மாதமாகத் தினமும் காலையில் அனுப்பிய பைபிள் வசனம் எதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்குப் போட்டாய்: “ஐயோ அப்பா, சிரிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது.”

சந்தோஷத்தில் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன், “அப்பா, நானும் அவரும் பிரிஞ்சுட்டோம்” என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நான் பூப்படம் போட்ட ஒரு வசனம் அனுப்பியிருக்கிறேன். வேறு ஒரு வார்த்தை இல்லை. மெத்தப் படித்த மேதாவி உன் அப்பன்.

இனி காலையில் வசனம் வராது, நானே கூப்பிடுகிறேன். நீ பேசு, நான் கேட்கிறேன். ஜெபத்தை நிறுத்த மாட்டேன். அதை உனக்கு ஃபார்வர்ட் பண்ண மாட்டேன், அவ்வளவுதான்.

உன் அப்பா