பச்சை பொனற் போட்ட ஹைலக்ஸ்

மச்சான்,

இன்று காலை கோலியர்ஸ் வுட்டில் நம் வண்டி யார்டில் ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணினேன். கம்பாலாவுக்குக் கப்பலேற வேண்டிய வண்டி. கண்ணாடியெல்லாம் உறைபனி. இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்தது. பின்னால் கரும்புகை எழும்பி, குளிரில் மேலே போகாமல் யார்ட் முழுவதும் படிந்து நின்றது. அந்த டீசல் மணத்துக்குள் நின்றபோது, உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது என்பது தாங்க முடியாமல் போய்விட்டது. அதுதான் எழுதுகிறேன்.

நீ ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து என்னோடு கூட்டுச் சேர்ந்த வருஷம், இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்தது வண்டியை வாங்குவதும் விற்பதும் மட்டும்தான். உனக்கோ, எந்த ஊர் எந்த பிக்கப்பை விரும்புகிறது என்பதில் தீராத ஆசை. வேல்ஸ் பக்கத்துச் செம்மறிக்காரர் எல்-200 தவிர வேறொன்றையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள் என்பாய். லண்டன் கட்டிடக்காரருக்கு பிக்கப்பே பிடிக்காது, மூடிய வான் வண்டிதான் வேண்டும், திறந்த பெட்டியில் வைத்த சாமான் ட்ராபிக் லைட்டில் நிற்கும்போதே போய்விடும் என்று சிரிப்பாய். கனடாவில் என் மைத்துனன் பின்னால் இரட்டைச் சக்கரமாக ஆறு சில்லு பூட்டிய அமெரிக்க டீசல் பிக்கப் ஒன்றின் படத்தை அனுப்பியபோது, அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உது எங்கடை ஒழுங்கையிலை திரும்பாது" என்றாய், ஊர்ச் சந்துகளை நினைத்து.

நல்ல எஞ்சின் எங்கும் விலைப்படும் என்று நான் ஒருநாள் வாதாடினேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆரும் தனிய யோசிச்சு வண்டி வாங்கிறேல்லை, மச்சான். அயலட்டைச் சனம் எதை ஓடுதோ அதைத்தான் வாங்குவாங்கள். நடுவழியிலை நிண்டா கழட்டிப் பூட்டச் சாமான் வேணும், கை வைக்கத் தெரிஞ்ச ஒருத்தன் வேணும்."

வன்னியில் ஹைலக்ஸ்தான் என்று சொல்லும்போது உன் குரலில் ஒரு பெருமை வரும். காரணம் உன் தம்பி குமரன். அவன் அங்கே நெல்லும் மீனும் ஏற்றி ஓடினான். பொருளாதாரத் தடைக் காலத்தில் வெளியிலிருந்து ஒரு நட்டும் உள்ளே போகாதபோது, செத்த வண்டியைக் கழற்றி ஓடுகிற வண்டிக்குப் பூட்டினார்கள். எல்லாம் ஒரே இனமாக இருந்ததால்தான் அது முடிந்தது. அவனுடைய வெள்ளை ஹைலக்ஸின் எஞ்சின் மூடி, அந்த பொனற், நொறுங்கியபோது பச்சை வண்டி ஒன்றின் பொனற்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினான். அதை யார்டில் நம் அலுவலகமான கொண்டெய்னருக்குள் ஒட்டி வைத்தாய்.

வன்னிப் பாதை மூடுவதற்கு முன் அவன் உனக்கு போன் எடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. வண்டியை விற்றுவிட்டு மனைவி வதனியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வரட்டோ என்று கேட்டான்.

"வித்துப்போடாதை. வண்டி இருந்தா எங்கையும் சீவிக்கலாம். வைச்சிரு" என்றாய்.

அன்று உன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இந்த வருஷம் மாசி, பங்குனி வன்னிப் போரில் எப்படிப் போயிற்றென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சித்திரையில் போரை நிறுத்தச் சொல்லி இங்கே பாராளுமன்றத்துக்கு முன்னால் மழைக்குள் நின்றோம். பிறகு போர் முடிந்து, நிற்பதற்கும் காரணம் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிந்திய ஒரு பின்னேரம், கொண்டெய்னருக்குள் கம்ப்யூட்டரில் கடைசிச் சண்டை நடந்த இடத்துப் படங்களைப் பார்த்தோம். கடற்கரை மணலில் கண்ணுக்கெட்டிய தூரம் விட்டுப்போன வண்டிகள். எரிந்தவை, கவிழ்ந்தவை, கதவு திறந்தபடி நின்றவை. பிக்கப்புகள் அநேகமாக எல்லாம் ஒரே இனம். நீ பெருமையாகச் சொன்னது முழுவதும் அந்த மணலில் நின்றது.

நீ ஒரு படத்தில் நிறுத்தினாய். திரையில் விரலை வைத்தாய்.

"இது தம்பியின்ரை."

வெள்ளை வண்டி, பச்சை பொனற். நீ எழும்பி வெளியே போய், மழையில் அடுக்கி நின்ற வண்டிகளுக்கு நடுவில் நின்றாய். அதற்குப் பிறகு நீ ஒரு எஞ்சினையும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

சில கிழமைகள் கழித்து வதனி அகதி முகாமிலிருந்து போன் எடுத்தாள். யாரோ ஒருவருடைய போன். தானும் பிள்ளைகளும் இருப்பதாகச் சொன்னாள். குமரன் இல்லை என்றாள். அவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனை என் கையில் தந்தாய். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவள் எடுப்பாள். உன் போன் அடிக்கும். நீ என்னைப் பார்ப்பாய், நான் எடுப்பேன். தண்ணீருக்கு நிற்கும் வரிசை, சின்னவளின் இருமல், எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் உன்னை, தன் புருஷனின் தமையனை, கேட்பாள்.

"அத்தான் நிக்கிறாரோ, அண்ணை?"

நீ தலையாட்டுவாய், இல்லை என்று.

ஒருநாள் மோர்டனில் உன் அறையில் வைத்து நான் கோபப்பட்டேன். அந்தப் பிள்ளை உன்னோடு கதைக்கத்தானே எடுக்கிறாள் என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்:

"என்னெண்டு கதைக்கிறது? வண்டியை வைச்சிரு எண்டு சொன்னது நான். அண்டைக்கு அவள் அவனுக்குப் பக்கத்திலை நிண்டவள். எல்லாம் கேட்டவள். இப்ப என்ரை குரலைக் கேட்டா அவளுக்கு அதுதானே ஞாபகம் வரும்?"

ஆறட்டும் என்று விட்டேன். இலை உதிரத் தொடங்கிய நேரம், நீ யார்டுக்கு வராத ஒரு காலையில், வீட்டுக்காரர் உன் அறைக் கதவை உடைத்துத் திறந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கிரியை செய்வதற்கு ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் நானே செய்தேன்.

அடுத்த ஞாயிறு உன் போன் அடித்தது. நீ போய்விட்டாய் என்று வதனிக்குச் சொன்னேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. கேட்டாள்.

"அத்தான் கடைசிவரைக்கும் என்னோடை கோவமோ, அண்ணை?"

எனக்கு விளங்கவில்லை. ஏன் கோபம் என்று கேட்டேன்.

"தன்ரை தம்பியை விட்டிட்டு நான் பிள்ளையளோடை கடந்து வந்திட்டன் எண்டு. அதாலைதானே என்னோடை கதைக்கேல்லை?"

பிறகு முழுவதும் சொன்னாள். அவர்கள் கடந்த அன்று குமரன் இவர்களையும் பக்கத்துக் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டு, செல் குண்டுகள் விழ விழக் கடல்நீரேரிக் கரை வரை ஓட்டி வந்திருக்கிறான். இறக்கிவிட்டு, காயப்பட்டவர்கள் பின்னால் கிடக்கிறார்கள் என்று திரும்பியிருக்கிறான். "நீங்கள் கடவுங்கோ, நான் இன்னொரு ஓட்டம் ஓடிப்போட்டு வாறன்" என்றிருக்கிறான். இவள் கரையில் நின்று வழி பார்த்திருக்கிறாள், அவன் வரவில்லை. சனம் தள்ளத் தள்ள அக்கரைக்குக் கடக்க வேண்டியதாயிற்று.

நீ ஏன் பேசவில்லை என்பதை அப்போது நான் அவளிடம் சொன்னேன். வண்டியை வைத்திரு என்ற அந்த ஒரு சொல்லை நீ சுமந்துகொண்டு திரிந்ததைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவள் சொன்னாள்:

"அந்த வண்டி இல்லாட்டி என்ரை பிள்ளையள் இண்டைக்கு இல்லை, அண்ணை. அதைச் சொல்லத்தானே ஒவ்வொரு கிழமையும் எடுத்தனான். அத்தான் பிறகு ஒருக்கால் எண்டாலும் போனை வாங்கியிருக்கலாம்."

இதுதான் மச்சான், உன்னிடம் தர வேண்டியிருந்தது. அவள் உனக்கென்று சொல்லியனுப்பியது, என்னிடம் தங்கிவிட்டது.

இப்போது அவர்களை முகாமிலிருந்து வெளியே விட்டிருக்கிறார்கள். வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாள். ஞாயிறுகளில் இன்னும் எடுக்கிறாள், எனக்கு. பள்ளிக்கூடம், மழை, அரிசி என்று ஏதேதோ கதைக்கிறோம். கதை முடிந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிறோம். அத்தான் நிக்கிறாரோ என்று அவள் முன்பு உன்னைக் கேட்கும் நேரம் அது.